தண்ணீர் படாத சிவப்பு

கச்சான் காற்று வீசத் தொடங்கினால் எனக்குக் கதிரையில் இருப்புக் கொள்ளாது. மற்றவர்களுக்கு அது வெறும் சூட்டுக் காற்று. மேற்கேயிருந்து காட்டைத் தாண்டி வந்து, கொடியில் போட்ட சாரத்தைக் கொஞ்ச நேரத்தில் அப்பளமாக்கிவிட்டுக் கடலுக்குப் போய்விடும். என் வேலைக்கு அது எதிரி. லிங்கநகரில் ஒரு வீட்டின் பின்பக்கத்து அச்சுக்கூடத்தில் நான் வேலை செய்கிறேன். அங்கே துணியின் மேல் மையைத் தெளித்து அச்சடிக்கும் மெசின் ஒன்று இருக்கிறது. அதன் தலையில் கண்ணுக்குத் தெரியாத துவாரங்கள் வரிசையாக உண்டு. ஒவ்வொன்றும் தலைமயிரை விட மெல்லியது. அவற்றின் வழியாக மை துளித்துளியாகப் பாய வேண்டும். கச்சான் அடித்தால் துவாரத்தின் வாயிலேயே மை காய்ந்துவிடும். ஒன்று அடைத்தாலே போதும், துணியின் நீளத்துக்கு மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று ஓடும். கோடு விழுந்த ரீசேட்டை மூதூரிலும் கிண்ணியாவிலும் எந்த விளையாட்டுக் கழகமும் வாங்காது.

அதனால் அந்த மாதங்களில் நான் நடந்துகொண்டே இருப்பேன். நிலத்துக்குத் தண்ணீர் தெளிப்பேன். சன்னலில் நனைத்த சாக்கைத் தொங்கவிடுவேன். அது காய்ந்துவிட்டதா என்று பார்ப்பேன். சாப்பாட்டுப் பெட்டி ஒன்றின் மூடியை வெட்டி, உள்ளே ஸ்பொஞ்சை நனைத்து வைத்து, மெசின் ஓய்ந்திருக்கும் நேரம் அதன் தலை அந்த மூடிக்குள் போய் அடங்கும்படி ஓர் ஏற்பாடும் செய்திருந்தேன். மெசினுக்கு முக்காடு போட்டிருக்கிறான் என்று முதலாளி வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

முதலாளி கிண்ணியாக்காரர். முன்பு புடைவைக் கடை வைத்திருந்தவர். முஸ்லிம் வழக்கில் அண்ணனை அழைப்பது போல, நான் அவரை நானா என்றுதான் கூப்பிடுவேன்.

"தம்பி, கொஞ்சம் இரியன். நீ நடக்கிறதப் பாத்து எனக்குக் கால் வலிக்கிது."

"இருந்தால் காய்ஞ்சிடும் நானா."

"எது, மெசினா, நீயா?"

அப்படி ஒரு நாள் காலையில்தான் அப்பா சொல்லாமல் கொள்ளாமல் வந்து வாசலில் நின்றார். கையில் ஒரு கடைப் பை. பைக்குள் ஒரு பொட்டலம் கருவாடு, ஒரு பழைய சிவப்புத் துணித்துண்டு, முடிச்சுப் போட்ட நைலோன் கயிறு ஒன்று.

எங்கள் ஊர் வெருகலுக்குப் பக்கம், ஆறு கடலில் விழும் இடத்துக்கு அண்மையில். எங்கள் ஆட்கள் மீன் பிடிப்பார்கள், மழைக்குச் சோளமும் மரவள்ளியும் போடுவார்கள். கொழும்பிலிருந்து சில வேளை ஆராய்ச்சிக்காரர் வந்து எங்களை வேடர் என்று எழுதிக்கொண்டு போவார்கள். அப்பா அவர்களுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்து, கேட்டதற்கெல்லாம் ஓம் சொல்லி அனுப்பிவைப்பார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். அதற்கு மேலும் படித்தேன். படித்தது துணித் தொழில்நுட்பம் என்பதுதான் ஊருக்கு விளங்கவில்லை. வைத்தியர் என்றால் விளங்கும், ஆசிரியர் என்றால் விளங்கும், கிராம சேவகர் என்றால் நன்றாகவே விளங்கும். 'துணி படிச்ச பெடியன்' என்று என்னைப் பற்றிச் சொல்லும்போது அவர்கள் வாயோரத்தில் ஒரு சிரிப்பு இருக்கும். அப்பாவுக்கு அந்தச் சிரிப்பு பிடிக்காது. அதற்காக அவர் சண்டை பிடிப்பதுமில்லை. கேட்காத மாதிரி வலையைக் கொட்டி விரித்துக்கொண்டிருப்பார்.

அன்று அவர் நானா கொடுத்த தேத்தண்ணியை நின்றபடியே குடித்தார். பிறகு விசயத்துக்கு வந்தார்.

"சடங்கு வருதல்லோ. மாமா ஆடமாட்டன் எண்டு நிக்கிறான்."

ஆண்டுக்கு ஒரு முறை கச்சான் மாதங்களில் எங்கள் ஊர்க் கோயிலில் சடங்கு நடக்கும். அம்மாவின் அண்ணன்தான் தெய்வமேறி ஆடுகிறவர். வெள்ளை வேட்டிக்கு மேல் இடுப்பில் சிவப்புச் சீலை ஒன்றைச் சுற்றிக் கட்டிக்கொண்டு ஆடுவார். அந்தச் சீலை ஒவ்வோர் ஆண்டும் கோடியாக இருக்க வேண்டும். கோடி என்றால் புதுச் சீலை, ஒருவரும் உடுக்காதது. எனக்கு அவ்வளவுதான் தெரிந்திருந்தது.

"ஏன் ஆடமாட்டாராம்?"

"போன வருசக் கதை உனக்குத் தெரியாது. நீ வரேல்லை. கடையில வாங்கின சிவப்பு வியர்வைக்கு இறங்கிப் போச்சு. வேட்டி முழுக்க ரத்தம் மாதிரி. சனம் பயந்திட்டுது. பேந்து அவன்ர இடுப்பெல்லாம் வெந்து போச்சு. உப்புத் தண்ணிக்குள்ள இறங்க ஏலாமல் ஒரு கிழமையா வீட்டில கிடந்தவன். இந்த முறையும் அதே சிவப்பெண்டால் வேற ஆளைப் பாருங்கோ எண்டு சொல்லிட்டான்."

"வேற ஆள் இருக்கோ?"

"எங்க இருக்கு?" அப்பா கோப்பையைக் கீழே வைத்தார். "அதால நான் சொல்லிட்டன்."

"என்ன சொன்னனீங்கள்?"

"என்ர மகன் இறங்காத சிவப்பு செய்து தருவான், கடையில ஒருத்தரும் வாங்க வேண்டாம் எண்டு. கோயிலடியில, எல்லாருக்கும் முன்னால."

"என்னட்ட ஒரு சொல்லுக் கேக்காமலோ?"

"கேக்கிறதுக்கு நீ ஊரிலயோ இருக்கிறாய்?"

நானா அச்சடித்த ரீசேட்டுகளை மடிப்பது போல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது.

"மாமா என்ன சொன்னவர்?" என்று கேட்டேன்.

"அவன் படிச்சது துணியோ பகிடியோ எண்டு இப்ப தெரிஞ்சிடும் எண்டவன்."

அப்பா அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. இதுவரை ஊர்க்கூட்டத்தில் வாய் திறந்தே நான் கண்டிராத மனிதர், ஒரு முறை திறந்து, என்னை வைத்து வாக்குக் கொடுத்துவிட்டு வந்து நிற்கிறார். சீலை சரிவரவில்லை என்றால் மாமா ஆடமாட்டார். மாமா ஆடாவிட்டால் அந்தச் சடங்கு நின்றது அப்பாவால்தான் என்றாகிவிடும்.

சரி என்றேன். வேறு என்ன சொல்வது.

முதலில் அளவு. சடங்குச் சீலையை ஆடுகிறவரின் முழத்தால்தான் அளப்பார்கள். ஏழு முழம். மாமா நீண்ட கைக்காரர். அவருடைய முழத்தை அப்பா நைலோன் கயிற்றில் முடிச்சுப் போட்டுக் கொண்டுவந்திருந்தார். நைலோன் இழுத்தால் நீளும். நானா ஒரு நுனியைப் பிடித்து இழுத்துப் பார்த்தார்.

"தம்பி, இழுக்க இழுக்க ஒன்ட மாமா வளர்றாரே."

கடைசியில் கயிற்றை அப்பாவிடமே கொடுத்து, மாமாவின் கையில் வைத்து எப்படிப் பிடித்தாரோ அப்படியே பிடிக்கச் சொல்லி, மேசைமேல் அளவு நாடாவை நீட்டி அளந்தேன். ஏழு முழத்துக்கு மேல் துணி சுருங்குகிற கணக்கையும் சேர்த்துக்கொண்டேன்.

பிறகு நிறம். அப்பா கொண்டுவந்த துண்டு வெளிறிப் போயிருந்தது. ஓரத்து மடிப்பைப் பிரித்து உள்ளே காட்டினார். வெயில் காணாத இடத்தில் ஒரு விரல் அகலத்துக்குப் பழைய சிவப்பு அப்படியே இருந்தது. எங்களிடம் நிறம் அளக்கும் கருவி ஒன்று உண்டு. கைக்குள் அடங்கும். துணியில் வைத்து அழுத்தினால் உள்ளே ஒளியைப் பாய்ச்சி, திரும்பி வருகிற ஒளியைக் கொண்டு நிறத்தை இலக்கங்களாகச் சொல்லும். மடிப்பின் மேல் வைத்து அளந்தேன். அப்பா தன் புறங்கையை நீட்டினார். அதிலும் வைத்து அழுத்தினேன்.

"என்ர கைக்கும் இலக்கம் இருக்கோ?"

"எல்லாத்துக்கும் இருக்கு அப்பா."

"அப்ப கறுப்பெண்டு சொல்லுதோ?"

"மண்ணிறமெண்டு சொல்லுது."

"பொய் சொல்லுது," என்று கையை மடக்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.

இறங்காத சிவப்பில் பெரிய வித்தை ஒன்றும் கிடையாது. பருத்தியோடு பிணைந்துகொள்கிற சாயங்கள் இருக்கின்றன. சாயத் தொட்டிக்குள் எல்லாச் சாயமும் பிணைந்துவிடாது. பிணையாமல் இழைகளுக்கிடையில் சும்மா தங்கியிருக்கும் மிச்சம்தான் வியர்வைக்கு இறங்குகிறது. அந்த மிச்சத்தைக் கொதிநீரிலும் சோப்பிலும் தோய்த்து வெளியேற்றிவிட்டால் மற்றது போகாது. கடைச் சிவப்பு இறங்குவது ஏனென்றால், யாரோ செலவை மிச்சம்பிடிக்க, தோய்க்காமலே காயவைத்து, கஞ்சி போட்டு, இஸ்திரிக்கை பிடித்து மடித்து அனுப்பிவிடுகிறார்கள். படித்தபோது இதைப் பரீட்சைக்கு எழுதியிருக்கிறேன். இப்போது அதைச் செய்வதற்கு ஒரு காரணம் கிடைத்ததில் உள்ளூரச் சந்தோசமாகக்கூட இருந்தது.

சாயம் காய்ச்சுவதற்கு நானா தன் வீட்டுக் கிடாரத்தைக் கொடுத்தார். கந்தூரிக்குச் சோறாக்கின கிடாரம். இனி இதில் ஆக்கினால் புரியாணி சிவப்பாகத்தான் வரும் என்று அவர் மனைவி குசினிக்குள்ளிருந்து சொன்னது வெளியே கேட்டது. சின்னச் சின்னத் துண்டுகளாக முதலில் சாயமிட்டு, காயவைத்து, கருவியால் அளந்து, மடிப்பின் சிவப்போடு ஒப்பிட்டேன். ஒன்று செம்மஞ்சளுக்குப் போனது. ஒன்று ஊதாவுக்குப் போனது. பாலையூற்றில் நான் வாடகைக்கு இருக்கிற அறைக்குப் போனாலும் இலக்கங்கள்தான் தலைக்குள் ஓடின. சோறு பிசையும்போது மிளகாய்த் தூளின் சிவப்பைப் பார்த்துக்கொண்டு இருந்துவிடுவேன்.

நிறம் சரிவந்ததும் வியர்வைச் சோதனை. அதற்கு உப்பும் வினாகிரியும் கலந்து வியர்வை மாதிரி ஒன்றைச் செய்ய வேண்டும். நான் கரைத்துக்கொண்டிருப்பதை நானா பார்த்தார்.

"என்ன அது?"

"வியர்வை."

"வியர்வை வேணுமெண்டா என்னட்டக் கேட்டிருக்கலாமே. கரண்ட் போன நேரம் வாளிக்கணக்கில தந்திருப்பன்."

சிவப்புத் துண்டையும் வெள்ளைத் துண்டையும் அந்த நீரில் நனைத்து, ஒன்றாகச் சேர்த்து, மேலே பாரம் வைத்து, மெசினின் சூடான முதுகில் ஏற்றினேன். பிரித்தபோது வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. முழுச் சீலையையும் சாயமிட்டு, மூன்று முறை சோப்புப் போட்டுக் கொதிநீரில் தோய்த்து, கடைசி நீர் கிணற்று நீர் மாதிரித் தெளிந்து ஓடும்வரை அலசினேன். இஸ்திரிக்கை பிடித்து, தாளில் சுற்றி, ஊருக்குப் பஸ் ஏறினேன். கிண்ணியாப் பாலத்தில் போகும்போது மடியில் இருந்த பொதியைத் திறந்து ஒரு தரம் பார்த்தேன். மூதூர் தாண்டியதும் இன்னொரு தரம்.

கோயிலடியில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். பூசாரியார் பாயில் இருந்தார். மாமா மரத்தில் சாய்ந்துகொண்டு வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். அப்பா என்னை முன்னால் விட்டுவிட்டுப் பின்னால் நின்றார்.

மாமா சீலையை வாங்கித் தன் முழத்தால் அளந்தார். ஏழாவது முழம் முடிந்த இடத்தில் கொஞ்சம் மிஞ்சியது. பிறகு பெருவிரலை நாக்கில் நனைத்துச் சீலையில் அழுத்தித் தேய்த்தார். விரலைத் திருப்பிப் பார்த்தார். சாரத்தில் துடைத்துவிட்டு மறுபடியும் தேய்த்துப் பார்த்தார்.

"ம்," என்றார். "துணிதான் படிச்சிருக்கிறாய், மருமோன்."

அப்பா பின்னால் மூச்சு விட்டது கேட்டது. எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"மூண்டு தரம் சோப்புப் போட்டுக் கொதிதண்ணியில தோய்ச்சனான் மாமா. இனி எவ்வளவு வியர்த்தாலும் இறங்காது."

மாமா மெல்லுவதை நிறுத்தினார். "தோய்ச்சதோ?"

"ஓம்."

அவர் சீலையை மடித்துப் பாயின் ஓரத்தில் வைத்தார். வேறு யாருடையதோ பொருளைத் திருப்பி வைப்பது போல் வைத்தார்.

"தோய்ச்ச சீலை கோடி இல்லை," என்றார் பூசாரியார்.

எனக்கு முதலில் பிடிபடவில்லை. தோய்ப்பது எனக்குத் துணி செய்கிற வேலையின் ஒரு பகுதி. அரிசி கழுவாமல் சோறாக்குவார்களா? அதைத்தான் சொல்லப் பார்த்தேன். எல்லாத் துணியும் எங்கேயோ ஒரு தொட்டித் தண்ணீருக்குள் கிடந்ததுதானே, கடைச் சிவப்பும் அப்படித்தானே என்றேன்.

"அது எங்கட கண்ணுக்கு முன்னால இல்லைத் தம்பி," என்றார் பூசாரியார். அவருக்குக் கோபம் இல்லை. "கஞ்சி போகாமல், முதல் மடிப்புக் கலையாமல் வாறதுதான் கோடி. சோப்புப் போட்டுத் தோய்ச்சதெண்டால் அது உடுத்துக் கழட்டின சீலை மாதிரித்தான். அதைக் கொண்டுவந்து தெய்வத்துக்குக் கட்ட ஏலாது."

"அப்ப கடைச் சிவப்பையே வாங்குங்கோ," என்றார் மாமா. "ஆடுறதுக்கு ஆளையும் அந்தக் கடையிலயே வாங்குங்கோ."

பந்தல் தடி பிடித்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. பாயில் கிடந்த சீலையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கடற்கரைப் பக்கமாக நடந்தார். நான் பின்னால் போனேன்.

அவர் ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். வள்ளத்தின் ஓரத்தில் இருந்துகொண்டு கேட்டார்.

"தோய்க்காமல் ஏலாதோ?"

"தோய்க்காட்டில் இறங்கும் அப்பா."

"இறங்கவும் கூடாது, தோய்க்கவும் கூடாது எண்டால்?"

"அப்படி ஒரு சாயம் இல்லை."

"சாயத்தை விடு. வேற என்ன இருக்கு உங்கட இடத்தில?"

நான் மணலில் அங்கும் இங்கும் நடந்தேன். இறங்காத சிவப்பு என்றால் தோய்த்த சிவப்பு. கோடி என்றால் தோய்க்காத சீலை. இந்த ஊர் இரண்டையும் ஒன்றாகக் கேட்கிறது. போன வருசம் மாமாவின் இடுப்பில் சிவப்பு இறங்கியது கடைக்காரனின் குற்றம் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். கோடி வேண்டும் என்று கேட்கும்வரை அது இறங்கத்தான் செய்யும் என்று எனக்கு அந்த மணலில்தான் விளங்கியது.

பிறகுதான் மெசின் நினைவுக்கு வந்தது. அதில் ஊற்றுகிற மை சாயமல்ல. துணிக்குள் ஊறிப் பிணையாது. நிறத்தூளும் ஒரு வகைப் பசையும் சேர்ந்தது. துணியின் மேல் துளித்துளியாக விழுந்து, சூடு பட்டதும் பசை இறுகி அங்கேயே பிடித்துக்கொள்ளும். பிணையாத மிச்சம் என்று ஒன்று இல்லை. தோய்க்கத் தேவையில்லை. இதை ஏன் முதலே நினைக்கவில்லை என்றால், முழுச் சிவப்பில் ஏழு முழத்தை அந்த மெசினில் யாரும் அடிக்க மாட்டார்கள். அது படம் போடுகிற மெசின்.

"வெள்ளைக் கோடித் துணி வேணும்," என்றேன். "மடிப்புக் கலையாதது."

"அது நான் எடுத்துத் தாறன்," என்று அப்பா எழும்பினார்.

சடங்குக்கு இரண்டு நாள் இருந்தது. மறுநாள் முதல் பஸ்ஸில் துணியோடு திரும்பினேன். அன்றைக்குப் பார்த்துக் கச்சான் தென்னை ஓலைகளைக் கிழித்துக்கொண்டு அடித்தது. நானாவிடம் விசயத்தைச் சொன்னதும், அடிக்கக் கிடந்த ஒரு கழகத்தின் ரீசேட்டுகளைத் தூக்கி ஒரு பக்கம் வைத்தார்.

"இது ஒங்கட கோயில் வேல. நான் கை வைக்கலாமா?"

"வையுங்கோ நானா. இன்னும் கோயிலுக்குப் போகேல்லையே."

அவர் பூவாளியால் நிலம் முழுக்கத் தண்ணீர் தெளித்தார். சாக்குகளை நனைத்து மாற்றினார். மின்விசிறியை நிறுத்தினோம். அறை கிடாரத்துக்குள் இருப்பது போல் வெந்தது. மெசினின் தலை இடமும் வலமுமாக ஓடி, ஒவ்வொரு வரியாகச் சிவப்பைத் தெளித்துக்கொண்டு போனது. ஒரு முழம் அடித்ததும் புரட்டிப் பார்த்தேன். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. மை மேற்பரப்பில்தான் நிற்கும் என்று தெரியும், ஆனாலும் கண்ணால் காணும்வரை அது உறைக்கவில்லை. ஒரு பக்கம் சிவப்பாகவும் மறு பக்கம் வெள்ளையாகவும் இருக்கிற சீலையை மாமாவிடம் நீட்ட முடியுமா?

"ரெண்டு பக்கமும் அடி," என்றார் நானா. "தோசையப் போல."

அப்படித்தான் செய்தோம். ஒரு பக்கம் அடித்து, சூட்டு அழுத்தியில் துண்டுதுண்டாக வைத்து இறுக்கி, புரட்டி, ஓரம் பிசகாமல் நானா ஒரு நுனியையும் நான் மறு நுனியையும் பிடித்து மறுபடியும் ஓடவிட்டு, மறுபடியும் சூடேற்றினோம். இரண்டாம் பக்கத்தின் நடுவில் நான் பயந்தது நடந்தது. ஒரு துவாரம் அடைத்து, மெல்லிய கோடு ஒன்று விழுந்தது. மெசினை நிறுத்தி, முக்காட்டைப் போட்டு ஊறவிட்டு, துடைத்து, மறுபடி ஓடவிட்டேன். மிச்சத் துணி சுத்தமாக வந்தது. விழுந்த கோடு விழுந்ததுதான். ஒரு முழத்துக்குக் குறையாத நீளம். வேறு கோடித் துணியும் இல்லை, நேரமும் இல்லை.

வியர்வைச் சோதனையில் வெள்ளைத் துண்டு மறுபடியும் வெள்ளையாகவே இருந்தது. அடுத்தது தேய்ப்புச் சோதனை. பழைய தையல் மெசின் ஒன்றின் ஊசித்தண்டைச் சாய்த்து, நுனியில் வெள்ளைத் துணி சுற்றி, சக்கரத்தைச் சுற்றினால் முன்னும் பின்னும் தேய்க்கும்படி நானே செய்துவைத்திருந்த கருவி அதற்கு இருந்தது. சுற்றினேன். வெள்ளையில் இளம் ரோசா நிறம் ஒட்டியது. நனைத்துத் தேய்த்தபோது இன்னும் கொஞ்சம். மேற்பரப்பில் நிற்கிற நிறத்துக்கு இந்தக் குணம் உண்டு. வியர்வையோடு ஓடாது, ஆனால் உரசினால் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும்.

அப்பாவுக்கு போன் எடுத்தேன்.

"உரசினால் கொஞ்சம் ஒட்டும் அப்பா."

"எவ்வளவு?"

"வெள்ளைத் துணியில ரோசா நிறமா."

"கொண்டு வா," என்றார்.

சீலையைப் பழைய மடிப்புத் தடத்திலேயே மடித்துச் சுற்றிக்கொண்டு, சடங்கு நாள் மத்தியானம் போய்ச் சேர்ந்தேன். பறைகளை நெருப்பில் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். அப்பா பொதியை வாங்கிக்கொண்டு நேரே பூசாரியாரிடம் போனார். சுற்றிவரச் சனம் கூடியது. மாமா குளித்து வெள்ளை வேட்டியோடு வந்து நின்றார்.

"தண்ணி பட்டதோ?" என்று கேட்டார் பூசாரியார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இல்லை என்று சொன்னால் முடிந்துவிடும். அந்த மையில் பெரும்பகுதி தண்ணீர்தான். "தோய்க்கேல்லை. ஆனால் மையில தண்ணி இருக்கு," என்று தொடங்கினேன். "மெசின் அதைத் துளித்துளியா…"

"தெளிக்கிறது," என்று அப்பா குறுக்கே விழுந்தார். சத்தமாக. "என்ர மகன்ர மெசின் தெளிக்கிறது. நான் கேக்கிறன், நீங்கள் கோடிச் சீலைக்கு மஞ்சள் தண்ணி தெளிக்கிறனீங்களோ இல்லையோ?"

"தெளிக்கிறதுதான்," என்றார் பூசாரியார்.

"தெளிச்சாப் போல அது பழசாப் போகுதோ?"

"இல்லை."

"அப்ப இதுவும் தெளிச்சதுதான். நீங்கள் மஞ்சளைத் தெளிக்கிறியள், அவன் சிவப்பைத் தெளிச்சிருக்கிறான். அலசேல்லை, பிழியேல்லை, சோப்புப் போடேல்லை. முதல் மடிப்பு இஞ்ச பாருங்கோ."

யாரோ பின்னால் சிரித்தார்கள். "மெசினும் பூசாரியாப் போச்சு," என்று ஒரு குரல். பூசாரியார் சீலையை முகத்தருகே பிடித்து மணந்து பார்த்தார். சூடேற்றிய பசையின் மணம் எனக்கே இன்னும் தெரிந்தது. பிறகு மஞ்சள் தண்ணீரில் கையை நனைத்துச் சீலையின் மேல் தெளித்தார். துளிகள் உள்ளே ஊறாமல் முத்து முத்தாக நின்றன. அதைப் பார்த்துவிட்டுத்தான் மாமாவிடம் நீட்டினார்.

மாமா அளந்தார். நாலாவது முழத்தில் கை நின்றது.

"இது என்ன கோடு?"

"கச்சான், மாமா. மை காய்ஞ்சு விழுந்தது."

"கச்சான் வந்து கோடு போட்டதோ?"

"ஓம்."

"கடலில எனக்குச் செய்யிறது காணாதெண்டு இஞ்சயும் வந்திட்டுது," என்று கோட்டை உட்பக்கம் வரும்படி மடித்தார்.

நான் கிட்டப் போனேன். அப்பா என்னை முறைத்துப் பார்ப்பது தெரிந்தது. "மாமா, இறுக்கிக் கட்டுற இடத்தில உரசிக் கொஞ்சம் ஒட்டும்."

"வேகுமோ?"

"வேகாது. சோப்புக்குப் போயிடும்."

மாமா அப்பாவின் பக்கம் திரும்பினார். "மச்சான், உன்ர மகன் யாவாரம் படிக்கேல்லைப் போல. இப்படிச் சொன்னால் ஆர் வாங்குவான்?" சொல்லிக்கொண்டே இடுப்பில் சுற்றி, மூச்சை இழுத்து, எவ்வளவு இறுக்கலாமோ அவ்வளவு இறுக்கினார்.

பறை தொடங்கியது. மற்றவர்கள் மாமாவின் முகத்தைப் பார்த்தார்கள், கும்பிட்டார்கள், சில பெண்கள் அழுதார்கள். நான் வேட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓர் இடத்தில் நிற்க முடியாமல் பந்தலைச் சுற்றிச் சுற்றி வந்தேன். மாமா சுழன்றபோது அந்தப் பக்கம், திரும்பியபோது இந்தப் பக்கம். அவர் முதுகில் வியர்வை ஆறாக ஓடி இடுப்பில் சீலைக்குள் இறங்கியது. சீலை நனைந்து கருஞ்சிவப்பானது. அதற்குக் கீழே வேட்டி ஈரமாகித் தொடையோடு ஒட்டியது, வெள்ளையாகவே. கொஞ்ச நேரத்தில் அப்பாவும் பந்தலைச் சுற்றி வருவதைக் கண்டேன். எதிர்ப்பக்கமாக வந்தார். ஒருவரையொருவர் கடக்கும்போதும் இருவர் கண்ணும் வேட்டியிலேயே இருந்தது.

பொழுது சாயும் நேரம் ஆட்டம் ஓய்ந்து, மாமாவைத் தாங்கிப் பிடித்து இருத்தினார்கள். பூசாரியார் சீலையைக் கழற்றி உள்ளே கொண்டுபோனார். நான் அதைத் திருப்பிக் கேட்க முடியாது, அது இனிக் கோயிலுக்குரியது. மாமாவின் இடுப்பில் முடிச்சு இருந்த இடத்தில் கறுத்த தோலின் மேல் சிவப்பு ஒரு வளையல் அகலத்துக்குப் படிந்திருந்தது. வேட்டியில் அதே இடத்தில் பெருவிரல் அளவில் ஒரு ரோசாக் கறை. அப்பா குனிந்து அதைப் பார்த்தார். துணியை விரலால் இழுத்து வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். நிமிர்ந்தார். அன்று அவர் வீட்டில் சோற்றை அளைந்துகொண்டிருந்தாரே தவிரச் சரியாகச் சாப்பிடவில்லை. மாமாவின் தோல் வெந்ததா என்பது விடிந்தால்தான் தெரியும் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

காலையில் நான் பஸ்ஸுக்கு வெளிக்கிட்டு, காலில் சப்பாத்தும் நீளக் கழிசானுமாகக் கடற்கரைக்குப் போனேன். அப்பா எனக்கு முன்பே அங்கே நின்றார். மாமா வள்ளத்தைத் தனியாகத் தள்ளிக்கொண்டிருந்தார். அதை விட்டுவிட்டு முழங்காலளவு தண்ணீருக்குப் போனார். நின்றார். இன்னும் இரண்டடி வைத்தார். இடுப்புக்கு மேல் அலை ஏறி இறங்கியது. அவர் முதுகுதான் எங்களுக்குத் தெரிந்தது. ஒரு கையால் இடுப்பைத் தடவி, தண்ணீரை அள்ளி அதே இடத்தில் ஊற்றி, இன்னொரு அலை வரும்வரை நின்றார்.

பிறகு திரும்பாமலே சொன்னார்:

"எரியேல்லை மச்சான். வந்து தள்ளு."

அப்பா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். வள்ளம் மணலில் தட்டிக்கொண்டு நின்றது, இரண்டு பேருக்கு அசையவில்லை. நான் சப்பாத்தைக் கழற்றி எறிந்துவிட்டுக் கழிசானோடு இறங்கினேன்.